லயத்துக் கோழி: பருமனா, திடமா?

ஹட்டன் சந்தையில் ஊர்க்கோழிக்கு ஒரு விலை, ஃபார்ம் கோழிக்கு ஒரு விலை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் ஊர்க்கோழிதான் கூடப் போகும். ஆனால் தராசில் ஏற்றினால், தன் பாட்டில் மேய்ந்து வளர்ந்த பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். அதற்கும் ஆறேழு மாதம் பிடித்திருக்கும். ஃபார்ம் கோழியோ ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைக் கடந்துவிடுகிறது. இந்த இடைவெளியைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டுவந்த கேள்வி இதுதான்: ஊர்க்கோழியின் திடத்தைக் கெடுக்காமல் அதன் பருமனைக் கூட்ட முடியுமா?

கேள்வி பழையது, பதில்களும் பல. கால்நடைத் திணைக்களங்கள், பல்கலைக்கழகங்கள், சேவற்கட்டுக்காரர்கள், மரபுவளப் பாதுகாவலர்கள் என்று ஆளுக்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மூன்று விஷயங்களை உள்ளதாகவே எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. கோழி வளர்ப்பவருக்குச் சொந்த வளவு உண்டு, வளவுக்கு வேலி உண்டு, எந்தச் சேவல் எந்தப் பெட்டையோடு சேரவேண்டும் என்று அவர் தீர்மானிக்கலாம். மலையகத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இந்த மூன்றும் இல்லை. அந்தப் பதில்களை லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

'திடம்' என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் இருப்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வாளருக்கு அது நோயெதிர்ப்பு. கட்டுக்கோழிக்காரருக்கு மூச்சும் காலும். லயத்துப் பெண்ணுக்கோ, பொரித்த பத்துக் குஞ்சில் எத்தனை சேவலாகவும் பெட்டையாகவும் எழும்பி வந்தன என்பதே திடம். விவாதத்தில் பாதி இந்தப் பொருள் வேறுபாட்டிலேயே சிக்கிக்கிடக்கிறது.

எந்தக் கோழி, எங்கிருந்து?

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி என்று டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் முடிவு கட்டினார். அதற்கு அவர் திரட்டிய சான்றுகளில் இலங்கையிலிருந்து போனவையும் உண்டு. இங்கே சிவில் சேவையில் இருந்த லேயார்ட், தோலும் எலும்பும் கறுத்த ஒரு வகைக் கோழியைப் பற்றி எழுதியதை டார்வின் எடுத்தாண்டிருக்கிறார். பிற்கால மரபணு ஆய்வுகள் டார்வினின் முடிவைப் பெரும்பாலும் உறுதிசெய்தன, ஒரு திருத்தத்தோடு: கோழியின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்குமான மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள்.

இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி வேறோர் இனம். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனால் இன்றும் கண்ணில் படும். தோட்டத்துச் சேவல் கொஞ்சம் மூர்க்கமாக இருந்தால் "காட்டுக்கோழி ரத்தம்" என்று சொல்வது வழக்கம். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2009இல் வெளியான தாய்வழி மரபணு ஆய்வு இந்தப் பெருமையைப் பெரிதும் குறைத்துவிட்டது. இலங்கை ஊர்க்கோழிகளின் தாய்வழி சிவப்புக் காட்டுக்கோழியையே சார்ந்தது. தந்தைவழியில் இலங்கைக் காட்டுக்கோழியின் சாயல் அங்கங்கே கலந்திருக்கலாம். ஆனால் கலப்புக் குஞ்சுகளின் இனப்பெருக்க வளம் குறைவு என்பதால் அந்தக் கலப்பு ஆழமாகப் போயிருக்க வாய்ப்புக் குறைவு.

ஆகவே, லயத்துக் கோழி ஓர் 'இனம்' அல்ல. மொட்டைக் கழுத்து, சுருட்டை இறகு, கொண்டை வைத்தது, நெட்டைக் கால், கருங்கால் எல்லாம் ஒரே அடையில் பொரிக்கும் கூட்டம் அது. இனச்சுத்தம் என்ற சொல்லை இதற்குள் கொண்டுவருபவர் இல்லாத ஒன்றைக் காக்கப் புறப்படுகிறார். இந்தப் பன்மை குறையென்று தோன்றினாலும், தெரிவு செய்பவருக்குக் கையிருப்பு அதுதான். எல்லாக் கோழியும் ஒன்றுபோல் இருக்கும் கூட்டத்தில் தெரிவதற்கு ஒன்றும் இராது.

சேவல் மாற்றிய காலம்

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அரசுகள் நம்பிய வழி இது. ஊர்ப்பெட்டை சிறியது, முட்டை குறைவு. எனவே ஊர்ச்சேவலை ஒழித்துவிட்டு ரோட் ஐலண்ட் ரெட், ஒஸ்ட்ரலோப், லெகோர்ன் போன்ற சீமைச் சேவலை விட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் கூட்டமே மாறிவிடும் என்பது கணக்கு. முதல் தலைமுறையில் சீமை ரத்தம் பாதி, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் எட்டில் ஏழு.

முதல் தலைமுறை நன்றாகவே வரும். தாயைவிடப் பெரியது, சேவலைவிடத் திடமானது. இதைப் பார்த்துத்தான் திட்டங்கள் தைரியம் கொண்டன. ஆனால் அந்தத் துடிப்பில் பெரும் பங்கு கலப்பு வீரியம். முதல் கலப்புக் கோழிகளையே தமக்குள் சேரவிட்டால் அடுத்த தலைமுறையில் அதில் பாதி கரைந்துவிடும். மீண்டும் சீமைச் சேவலையே விட்டுக்கொண்டு போனாலும் வீரியம் குறையும். கூடவே அடையிருக்கும் குணமும் போகும். அடையிருப்பதை முட்டைக்குத் தடையாகக் கருதி ஒதுக்கி ஒதுக்கி உருவாக்கியவை சீமை இனங்கள். இன்குபேட்டர் இல்லாத லயத்தில் அடையிருக்காத பெட்டைக்கு வாரிசு கிடையாது. திட்டம் தந்த சேவல் சாகும்வரை திட்டம் ஓடும். அது செத்த பிறகு ஊர்ச்சேவல் தன் வேலையை மறுபடி எடுத்துக்கொள்ளும்.

பல நாடுகளில் சேவல் மாற்றுத் திட்டங்கள் இப்படித்தான் முடிந்தன. அவை அடியோடு தோற்றன என்று சொல்வதும் சரியில்லை. மலையகத்தில் இன்று காணும் செம்பழுப்புப் பெட்டைகளில் பல, யாரோ எப்போதோ விட்டுப்போன சீமைச் சேவலின் பேத்திகளாக இருக்கலாம். கூட்டத்தின் பன்மைக்கு அதுவும் ஒரு பங்களிப்பு.

கட்டுக்கோழிக்காரர் கணக்கு

அரசுக்கு வெகு முன்பே பருமனையும் திடத்தையும் ஒரே பறவையில் சேர்க்க முயன்றவர்கள் சேவற்கட்டுக்காரர்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டைச் சேவலுக்கே நடுகல் வைத்திருக்கிறார்கள். கல்லெழுத்தின் வயது சுமார் 1500 ஆண்டு. அசில் வகைப் பெருவிடைச் சேவல் நாலு கிலோவரை போகும், கூடவே களத்தில் நிற்கும் மூச்சும் இருக்கும். அவர்களுடைய தெரிவு முறை இரண்டு விஷயங்களில் இன்றைய விஞ்ஞானத்தோடு ஒத்துப்போகிறது: தாய்வழியைக் கவனிப்பார்கள், ஓடிப்போன சேவலிடமிருந்து, அது எவ்வளவு அழகானாலும், குஞ்சு எடுக்கமாட்டார்கள்.

பலவீனம், அவர்கள் சோதித்தது ஒரே குணத்தை என்பது. அசில் பெட்டை முட்டையிடுவது மிகக் குறைவு. குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தும். மேய்ச்சலில் பத்துக் கோழி பக்கத்துப் பத்துக் கோழியோடு ஒத்து வாழவேண்டிய லயத்துக்கு இந்தச் சண்டைக் குணம் ஒத்துவராது. அசில் சேவலை ஒருமுறை கலக்கவிட்டுப் பிறகு அளவோடு நிறுத்திக்கொள்வதை மேலும் ஆராயலாம். அசிலின் பட்டாணிக் கொண்டை சிறியது; குளிரில் உடற்சூட்டைக் குறைவாக இழக்கும். நுவரெலியாவுக்கு அது ஒரு சிறு அனுகூலம். வெயில் நாட்டில் பெரிதும் புகழப்படும் மொட்டைக் கழுத்து மரபணுவுக்கு இங்கே நிலைமை நேர்மாறு. இறகை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும் அந்தக் குணம், 1,868 மீட்டர் உயரத்தில் தை மாதத்து உறைபனியில் குஞ்சுக்கு உதவி செய்யாது. அனுராதபுரத்துக்குச் சரியான பரிந்துரை இராகலைக்குச் சரிவராது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

ஆய்வுக்கூடத்துக் கலப்பு

சேவல் மாற்றுத் திட்டங்களின் தோல்வியிலிருந்து பிறந்தது அடுத்த வழி. ஊர்க்கோழியை மாற்றுவதை விட்டுவிட்டு, ஊர்க்கோழிபோல் தெரிகிற, புழக்கடையில் பிழைக்கிற, ஆனால் பெரிதாக வளர்கிற கலப்பு ஒன்றைப் பண்ணையில் உருவாக்கிக் குஞ்சாக விற்பது. ஹைதராபாத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, கெக் ஃபார்ம்ஸின் குரோய்லர், ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்தியப் ஃபயூமிப் பெட்டையையும் சேர்த்த வங்கதேசத்துச் சோனாலி எல்லாம் இந்த வழியில் வந்தவை. சோனாலி வங்கதேசத்தில் ஒரு தனிச் சந்தையையே உண்டாக்கியது. குரோய்லர் உகாண்டாவரை போனது.

எடையில் இவை சொன்னதைச் செய்கின்றன. கேள்வி தொடர்ச்சியைப் பற்றியது. இவை நம்பத்தக்கவாறு அடையிருப்பதில்லை. இவற்றின் முட்டையை ஊர்ப்பெட்டையின் அடியில் வைத்துப் பொரித்தாலும் அடுத்த தலைமுறை கலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்க வேண்டும், நாலைந்து வாரம் விளக்குச் சூட்டில் வளர்க்க வேண்டும், தீனிப் பை வாங்க வேண்டும். இலங்கையின் கோழித் தொழில் வயம்பவிலும் மேல் மாகாணத்திலும் குவிந்திருக்கிறது. பொகவந்தலாவைக்குக் குஞ்சுப் பெட்டி ஏறிவருவதற்குள் பாதை நீளம். 2021இன் உரத்தடையால் சோளம் குறைந்து, 2022இல் டொலர் இல்லாமல் தீனி தட்டுப்பாடாகி, 2023இல் முட்டையையே இந்தியாவிலிருந்து இறக்க நேர்ந்தது. சங்கிலி அறுந்தால் எது நிற்கும் என்ற கேள்விக்கு அந்த மூன்று வருடம் போதிய விடை. அப்போதும் லயத்து வாசலில் கோழி கிளறிக்கொண்டுதான் இருந்தது.

ஊர்க்கோழிக்குள்ளேயே தெரிவு

வெளி ரத்தம் வேண்டாம், உள்ளதிலேயே நல்லதைத் தெரிந்து பெருக்குவோம் என்பது நாலாவது நிலைப்பாடு. நெடுங்காலம் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஊர்க்கோழியின் சிறுமை அதன் விதி என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது எத்தியோப்பியாவின் ஹோரோ கோழி. டெப்ரே சைட் ஆய்வு நிலையத்தில் உள்ளூர்க் கோழிகளை எடுத்து, உடல் எடைக்கும் முட்டைக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்தார்கள். ஏழெட்டுத் தலைமுறைக்குள் 16 வார எடை ஏறத்தாழ இரட்டித்தது, முட்டை கூடியது, குஞ்சுகள் பிழைப்பதும் வெகுவாக உயர்ந்தது.

கணக்கு கடினமானதல்ல. தெரிவு செய்த பெற்றோர் கூட்டத்தின் சராசரியைவிட எவ்வளவு மேலே என்பதை மரபுப் பங்கால், அதாவது கோழிக்குக் கோழி உள்ள வேறுபாட்டில் மரபால் வரும் பகுதியால், பெருக்கினால் அடுத்த தலைமுறையின் ஏற்றம் வரும். கோழியின் உடல் எடைக்கு இந்தப் பங்கு பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை. ஒரு லயத்தில் 16 வாரச் சேவல்களின் சராசரி 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.6 கிலோச் சேவல்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெட்டைகளில் தெரிவே செய்யாவிட்டால், பெற்றோர் ஏற்றம் 400 கிராமில் பாதி, அதாவது 200. அதை 0.3ஆல் பெருக்கினால் 60 கிராம். தலைமுறைக்கு 60 கிராம் என்பது கேட்கச் சிறியது. ஆனால் செலவு ஒரு கொக்கித் தராசும், அந்தச் சேவல்களைக் கறியாக்காமல் விடும் மனக்கட்டுப்பாடும்தான்.

திடத்துக்கு இந்த வாய்ப்பாடு இவ்வளவு தாராளமாக உதவுவதில்லை. உயிர்பிழைப்பின் மரபுப் பங்கு பெரும்பாலான ஆய்வுகளில் 0.1க்கும் கீழே. தனிச் சேவலைப் பார்த்து அது திடமான குஞ்சைத் தருமா என்று சொல்வது ஏறக்குறைய ஜோசியம். இந்த இடத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் 1996இல் வெளியிட்ட சோதனை கவனத்துக்குரியது. முட்டைக்கோழிகளை ஒவ்வொன்றாகத் தெரியாமல், ஒரே கூட்டில் வாழும் குடும்பத்தை மொத்தமாகத் தெரிந்தார். கொத்திக் கொன்றுகொண்டிருந்த கூட்டத்தில் 68 விழுக்காட்டிலிருந்த சாவு, சில தலைமுறைகளில் 9 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. மேய்ச்சல் கோழிக்கும் அதே அளவு விளைவு வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தெரிவுக்குரிய அலகு தனிக் கோழியாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்பது தெளிவு. எத்தனை பொரித்தது என்று எண்ணாமல் எத்தனையை வளர்த்தது என்று எண்ணி, எட்டுக் குஞ்சில் ஆறை எழுப்பிய அடையிலிருந்து சேவலை எடுப்பது இந்த நியாயத்தின் லயத்து வடிவம். வயதான பெண்கள் பலர் இதைச் சொல்லாமலே செய்து வருகிறார்கள்.

எடை ஏறும்போது இறங்குவது

தெரிவின் ஆற்றலைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005ஆம் ஆண்டுகளின் இறைச்சிக்கோழி வழிகளை ஒரே தீனியில் வளர்த்தார்கள். 56 நாளில் அவற்றின் எடை முறையே 905, 1808, 4202 கிராம். விலை என்ன என்பதுதான் கேள்வி. வர்ஜீனியாவில் போல் சீகல் 1957இல் ஒரே இனத்தை இரண்டாகப் பிரித்து, எட்டு வார எடை கூடியவற்றை ஒரு வழியாகவும் குறைந்தவற்றை மறு வழியாகவும் பெருக்கத் தொடங்கினார். ஐம்பது தலைமுறைக்குப் பின் இரண்டுக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பெரிய வழிக் கோழிகள் பசி அடங்காமல் தின்று கொழுத்தன. நோயெதிர்ப்பு எதிர்வினையில் பின்தங்கின. உடலுக்குக் கிடைக்கும் தீனி ஒன்று. வளர்ச்சிக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவற்றுக்குக் குறையும் என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். எல்லா அளவிலும் இது உண்மையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹோரோவில் எடையும் பிழைப்பும் சேர்ந்தே உயர்ந்தன. சிறிய, பட்டினிக் கோழியை நடுத்தரமாக்குவதும் நடுத்தரத்தை ராட்சதமாக்குவதும் வேறு வேறு வேலைகள் என்று கொண்டால் முரண்பாடு ஓரளவு தீரும்.

மலையகத்துக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை இதில் இருக்கிறது. கோழியின் நுரையீரல் நெஞ்சுக்கூட்டோடு இறுக ஒட்டியது, நம்முடையதைப்போல் விரியாது. வேகமாக வளரும் கோழிக்குப் பிராணவாயு நிறைய வேண்டும், குளிரில் இன்னும் நிறைய. உயரத்தில் காற்றில் அது குறைவு. இதயத்தின் வலப்பக்கம் அளவுக்கு மீறி உழைத்துத் தளரும். வயிற்றில் நீர் கட்டும். பொலிவியா, மெக்சிக்கோ போன்ற உயர்நில நாடுகளில் இறைச்சிக்கோழி இப்படிச் செத்ததைப் பார்த்துத்தான் இந்த நோய் பெயர் பெற்றது. நுவரெலியா ஆண்டீஸ் மலையல்ல. ஆனால் உயரமும் குளிரும் மழைக்காலத்துப் புகை மண்டிய கூடும் ஒன்றுசேர்கிற இடம். இங்கே மிகப் பெரிய சேவலைத் தேடுபவர் மிகப் பலவீனமான இதயத்தைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

கொள்ளைநோய் முன்னால் தெரிவு

பிரச்சினை ரத்தத்தில் இல்லை, பராமரிப்பில்தான் என்பவர்களின் வாதம் வலுவானது. ராணிக்கெட் நோய் ஒருமுறை லயத்துக்குள் வந்தால் கழுத்து திருகிப் பச்சைக் கழிச்சலோடு பெருங்கோழியும் சிறுகோழியும் சேர்ந்து போகும். அது எடையைப் பார்த்துக் கொல்வதில்லை. மூன்று வருடம் தெரிந்து வளர்த்த சேவல்கள் ஒரு வாரத்தில் இல்லாமல் போகலாம். 'ஊர்க்கோழி நோய் தாங்கும்' என்ற நம்பிக்கையையும் இங்கேதான் உரசிப் பார்க்க வேண்டும். எஞ்சியவற்றை மட்டும் பார்த்து எழுந்த நம்பிக்கை அது. மேய்ச்சலில் குஞ்சுகளில் பாதிக்கு மேல் இரண்டு மாதத்துக்குள் சாவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. குயின்ஸ்லாந்தில் உருவாகிய, வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்ற நிலையைத் தந்தது. பல ஆபிரிக்க, ஆசியக் கிராமங்களில் அது எந்தக் கலப்புக் கோழியும் தராத பலனைக் கொடுத்தது.

தீனியின் எல்லையும் அப்படியே. இலங்கைக் கிராமங்களில் செய்து 1993இல் வெளியான ஆய்வொன்று, மேயும் கோழிகளின் இரைப்பையைத் திறந்து பார்த்தது. உள்ளே இருந்ததில் ஏறத்தாழ 70 விழுக்காடு வீட்டு மிச்சம். மீதி புல்லும் புழுவும் நெல்லும். லயத்தில் நெல் இல்லை. மிச்சம் என்பது சோறும் ரொட்டித் துண்டும். மாவுச்சத்து நிறைய, புரதம் கொஞ்சம். இந்த மேய்ச்சல் தாங்கும் மொத்த இறைச்சி இவ்வளவுதான் என்ற வரம்பு ஒன்று உண்டு. கோழி பெரிதானால் எண்ணிக்கை குறையும்.

பகற்பொழுதும் ஒரு காரணி. பெரட்டுக்குப் போன பெண் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்வரை குஞ்சுக்குக் காவல் தாய்க்கோழி ஒன்றே. பருந்தும் கீரியும் மரநாயும் அந்த நேரத்தை அறியும். லயத்தில் திடத்தைத் தெரிந்தெடுக்கும் முதல் தேர்வாளர் இவைதான்.

இந்த வாதத்தின் குறை: தடுப்பு மருந்தும் காவலும் வந்தால் கோழி பெருகும், பெரிதாகாது. பெருகிய பிறகு எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். தெரிவும் பராமரிப்பும் போட்டி போடுவதாக எழுதுவது வீண். பராமரிப்பு தெரிவுக்கு நேரம் வாங்கித் தருகிறது.

லயத்தில் சேவல் யாருடையது?

மேற்சொன்ன வழிகள் எல்லாவற்றிலும் விடுபட்டது இது. பத்துப் பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் பெட்டைக்கு உரிமையாளர் உண்டு. சேவலுக்கும் பெயரளவில் உண்டு. ஆனால் சேவல் இஸ்தோப்புக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவர் வளர்க்கும் சேவலின் குஞ்சு பத்துப் பேர் கூட்டில் பொரிக்கும். ஒருவர் மட்டும் தெரிவு செய்தால் பலன் எல்லோருக்கும் சிதறும். ஒருவர் மட்டும் செய்யாவிட்டால் அவருடைய கட்டைச் சேவல் எல்லோர் முயற்சியையும் கலைக்கும்.

இதற்குமேல் லயத்தில் ஏற்கெனவே ஒரு தெரிவு நடந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் தலைகீழாக. காசு முட்டினால் முதலில் விற்கப்படுவது பெரிய சேவல். விருந்தாளி வந்தால் அறுப்பதும் அதுவே. கூட்டில் மிஞ்சுவது விலைபோகாதது. தலைமுறை தலைமுறையாகச் சிறியதைத் தந்தையாக்கிக்கொண்டு ஊர்க்கோழி ஏன் சிறுக்கிறது என்று கேட்கிறோம்.

விதிவிலக்கு சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். கவ்வாத்துசாமிக்கோ முனியாண்டிக்கோ என்று குஞ்சிலேயே நேர்ந்துவிட்டால், அதைத் திருவிழாவரை விற்கவும் மாட்டார்கள், அறுக்கவும் மாட்டார்கள். லயத்தில் நெடுநாள் நின்று அதிகம் பெட்டைகளோடு சேர்வது அதுதான். ஆனால் அதைத் தெரிந்தது நிறத்துக்காக. கறுப்பு வேண்டும், சிவப்பு வேண்டும் என்ற விதி எடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கால்நடைத் திட்டங்கள் எதுவும் இந்த நேர்த்தியை இனவிருத்திப் பழக்கமாகக் கணக்கிட்டதில்லை. சேவலை விற்காமல் காக்கும் ஒரே சமூக விதி லயத்தில் இதுவாக இருக்கும்போது, அந்த அலட்சியம் வியப்பளிக்கிறது. குஞ்சில் நேர்வதற்குப் பதிலாகப் பதினாறு வாரத்தில், நிறம் ஒத்தவற்றுக்குள் எடையும் பார்த்து நேர்ந்தால் சாமிக்கும் குறையில்லை, கூட்டத்துக்கும் நன்மை.

இரத்த நெருக்கத்தின் கணக்கும் தனி வீட்டைவிட லயத்துக்கே சாதகம். ஒரு சேவல், பத்துப் பெட்டை என்ற தனிக் கூட்டில் தலைமுறைக்கு இரத்த நெருக்கம் 13.75 விழுக்காடு கூடும். இரண்டு தலைமுறையில் குஞ்சு கூம்பும், முட்டை கூழாகும். ஒரு லயத்தில் 50 பெட்டையும் 6 சேவலும் என்றால் அது 2.3 விழுக்காடு. மூன்று லயங்கள் சேர்ந்து 18 சேவலும் 150 பெட்டையும் வைத்துக்கொண்டு, சேவல்களை மட்டும் ஆண்டுக்கொருமுறை அடுத்த லயத்துக்குச் சுற்றிவிட்டால் 0.8 விழுக்காட்டுக்கும் கீழே. உலக உணவு விவசாய நிறுவனம் பாதுகாப்பு வரம்பாகக் கருதும் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பண்ணையொன்று காசு கொடுத்து உண்டாக்க வேண்டிய அமைப்பு இங்கே கூரை வரிசையிலேயே இருக்கிறது. குறைவது உடன்பாடு மட்டும்.

தீராதவை

இதுவரை உள்ள சான்றுகளை வைத்து, லயத்து ஊர்க்கோழியின் எடையை உள்ளிருந்தே மிதமாக உயர்த்த முடியும் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். ராணிக்கெட்டைக் கட்டுப்படுத்தாமல் அதைத் தொடங்குவது பயனற்றது என்பதும் ஏறக்குறைய உறுதி. சீமைச் சேவலும் ஆய்வுக்கூடக் குஞ்சும் தீனி வாங்கும் வசதியுள்ள குடும்பத்துக்கு வருமான வழியாகலாம். ஆனால் கூட்டத்தின் எதிர்காலத்தை அவற்றிடம் ஒப்படைப்பதற்கு 2022 ஒரு பாடம்.

எங்கே நிறுத்துவது என்பது தீரவில்லை. 1,200 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள ஹட்டன் பக்கத்துக்கும் 1,800 மீட்டரைத் தாண்டிய நுவரெலியாவுக்கும் ஒரே எடை இலக்கு பொருந்துமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஹோரோ கோழிக்கு ஆய்வு நிலையத்தில் கிடைத்த ஏற்றம், எழுதிவைக்கும் பழக்கமில்லாத வாசலில் எவ்வளவு கிடைக்கும் என்பதும் அப்படியே. 2007இல் இன்டர்லேக்கனில் நாடுகள் ஒப்புக்கொண்ட கால்நடை மரபுவளத் திட்டம் ஊர்க்கோழியைக் காக்கச் சொல்கிறது. காப்பதும் தெரிந்து மாற்றுவதும் எந்தப் புள்ளியில் மோதும் என்பதை அது தீர்த்துவைக்கவில்லை.

இன்னொன்று, லயமே மாறிக்கொண்டிருக்கிறது. சிறு காணியில் தனி வீடு கட்டிப் போகும் குடும்பங்களுக்கு முதன்முறையாக வேலி கிடைக்கிறது. சேவல் யாருடையது என்ற சிக்கல் அத்தோடு தீரும். ஐம்பது பெட்டைக்கு ஆறு சேவல் என்றிருந்த கூட்டம் ஐந்து பெட்டைக்கு ஒரு சேவலாக உடையும். தெரிவு செய்யும் உரிமை கைக்கு வரும் அதே நாளில் இரத்த நெருக்கமும் வாசலுக்கு வந்துவிடும். புது வீட்டுக்குக் குடிபோகும்போது கோழிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு போகும் குடும்பம், அடுத்த சேவலை எந்த வீட்டிலிருந்து எடுக்கப்போகிறது என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.